பதில்களோடு மடித்த விரிப்புகள்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மடிப்பக்கா வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தைந்து. நேர்முகத் தேர்வு என்று எதுவும் நடக்கவில்லை. அப்போது மேற்பார்வையாளராக இருந்தவர் ஒரு மூட்டை அழுக்குத் துணியை அவள் முன்னால் அவிழ்த்துப் போட்டு, "அருவருப்பா இருக்கா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றாள். "அப்போ நாளைக்கு ரெண்டு மணிக்கு வந்துடு" என்றார். அதோடு சரி. அதற்குப் பின் பத்தொன்பது ஆண்டுகளும் நான்கு மாதங்களும் அந்த ஆஸ்பத்திரியில் அவளை உட்கார வைத்து யாரும் ஒரு கேள்வி கேட்டது கிடையாது.

துவைத்து உலர்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு முதலில் ஓர் உதறு உதறி, அப்படியே குழல் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஓட்டையோ கிழிசலோ தெரிந்தால் ஒரு முனையில் முடிச்சுப் போட்டுத் தையல் கூடைக்குள் எறிந்துவிட வேண்டும். சரியாக இருந்தால் நீளவாக்கில் இரண்டு மடிப்பு, அகலவாக்கில் இரண்டு மடிப்பு, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தடவல். உதறலையும் தடவலையும் சேர்த்து மொத்தம் ஆறு அசைவுகள். பத்து விரிப்புகள் சேர்ந்தால் ஒரு கட்டு. கட்டின் மேல் மடித்த ஜோடியின் எண்ணையும் தேதியையும் எழுதிய சீட்டு. மடிப்பக்காவின் கட்டுகள் செங்கல் அடுக்கியதுபோல் நிற்கும்; பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அவள் ஜோடிக்கு எண் மூன்று. எதிர்முனையில் பதினோரு ஆண்டுகளாக ஒரே ஆள். அவளைவிட ஆறு வயது இளையவள். எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுவார்கள். காரணம் அவள் வாயைத் திறந்தவுடன் தெரிந்துவிடும்.

வேலையில் மடிப்பக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. நேரத்தில்தான் குறை. அவள் ஷிப்ட் பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து வரை. கணவர் பேருந்து ஓட்டுநர். விடியற்காலை நான்கரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு வருவார், ஒன்பதுக்குப் படுத்துவிடுவார். அவளுக்கு வார விடுமுறை வெள்ளி. அன்றைக்கு அவருக்கு வெளியூர் வண்டி, மறுநாள்தான் திரும்புவார். அவருக்கு விடுமுறை புதன். அன்றைக்கு அவள் ஒன்றேகாலுக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். அவள் வேலைக்குச் சேர்ந்த இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட இரவுச் சாப்பாடுகள் அவள் லீவு போட்ட நாட்களில் மட்டும்தான். புதன்கிழமைக் காலைகளைத் தவிர்த்தால் பேச்சுவார்த்தை எல்லாம் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டும் துண்டுச் சீட்டுகளில் நடந்தது. "கேஸ் தீர்ந்துபோச்சு." "நீலச் சட்டைக்குப் பொத்தான் தைச்சாச்சு." "வீட்டுக்குள்ளேயே தபால் ஆபீஸ் நடத்துற ஒரே குடும்பம் நாமதான்" என்பாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

இப்படி இருக்கும்போதுதான் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றார். அந்த வேலைக்கு நேரம் காலை எட்டு முதல் மாலை நான்கரை. மடிப்பக்கா மனுப் போட்டாள். ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை கடிதம் வந்தது: இருபத்து நான்காம் தேதி செவ்வாய், காலை பத்து நாற்பதுக்கு நேர்முகத் தேர்வு. அவள் அலமாரிக் கதவில் எழுதி ஒட்டினாள். மறுநாள் காலை அதன் கீழே கணவரின் கோணல் எழுத்து இருந்தது: "கிடைச்சா ராத்திரி சேர்ந்து சாப்பிடலாம்." 'சேர்ந்து' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடுகள்.

அந்த இரண்டு கோடுகளைப் பார்த்த பிறகு அவள் கடிதத்தை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

பதினோராம் தேதி புதன்கிழமை, காலை ஏழரைக்கு வீட்டில் ஒத்திகை. மகள் கைபேசியில் தேடி, எங்கேயும் வழக்கமாகக் கேட்கிற பத்துக் கேள்விகளை எடுத்து வைத்திருந்தாள். சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் அம்மா. நடுவில் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள் மகள், குரலைக் கனமாக்கிக்கொண்டு.

"என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"அம்மா! நான் இப்போ உன் பொண்ணு இல்ல. அதிகாரி."

"அதிகாரி தலை சீவாம வருவாரா?"

"அடுத்த கேள்விக்குப் போ" என்றார் அப்பா. "இதுல ஃபெயில்."

"அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்கன்னு நினைக்கிறீங்க?"

"இதே வீட்லதான். வேற எங்க போறது?"

அப்பாவுக்கு டீ புரையேறியது. மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சரி, உங்க பலவீனம் என்ன?"

"கோபம்னு சொல்லு" என்றார் அப்பா.

"எனக்கா கோபம்? எனக்கு எங்கங்க கோபம் வருது? சொல்லுங்க பார்ப்போம், எப்ப வந்துச்சு?"

"பாரு. கேட்ட உடனே வந்துடுச்சு."

"அப்பா, சும்மா இரு. பலவீனம்னு கேட்டா நல்ல குணத்தையே பலவீனம் மாதிரி சொல்லணுமாம். இதுல போட்டிருக்கு. 'எடுத்த வேலை முடியற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது', இந்த மாதிரி."

"அதாவது பொய் சொல்லணும்."

"பொய் இல்லப்பா, நாசூக்கு."

ஒன்பது மணிக்கு மகள் கல்லூரிக்குக் கிளம்புமுன் பத்துக் கேள்விக்கும் பதில் எழுதியாகிவிட்டது. மகள் எழுதினாள், அப்பா திருத்தினார், அம்மா திருத்தியதை எல்லாம் அடித்தாள். ஆனால் எழுதியதை மனப்பாடம் செய்வதுதான் முடியவில்லை. காகிதத்தைக் கையில் எடுத்து உட்கார்ந்தால் மூன்றாவது வரியில் கண் சொக்கும். உட்கார்ந்து செய்கிற வேலை எதுவும் அவளுக்கு எப்போதும் வந்ததில்லை.

வழி கண்டுபிடித்தவள் ரேடியோ. மறுநாள், பன்னிரண்டாம் தேதி, சலவைப் பிரிவில் விரிப்பை உதறும்போது, "அக்கா, உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். மடிப்பக்கா முதல் மடிப்பு மடித்துக்கொண்டே முதல் வரியைச் சொன்னாள். இரண்டாம் மடிப்புக்கு இரண்டாம் வரி வந்தது. கடைசித் தடவலோடு பதிலும் முடிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"வாய்ல நிக்காதது கையில நிக்குதேக்கா!"

அன்றைக்கே பத்துப் பதில்களையும் ஒரே அளவுக்கு வெட்டிக்கொண்டார்கள். உதறும்போது ரேடியோ கேள்வி கேட்பாள். நான்கு மடிப்புக்கு நான்கு வரி, தடவலுக்கு ஒரு வரி. பத்து விரிப்பில் பத்துக் கேள்வி. ஒரு கட்டு முடிந்தால் ஒரு தேர்வு முடிந்தது. நடுவில் வந்த இரண்டு வெள்ளிக்கிழமைகள் நீங்கலாக இருபத்து மூன்றாம் தேதி வரை பத்து நாட்கள், இருவரும் சிரித்துச் சிரித்து மடித்தார்கள். ரேடியோ ஒரு நாள் அதிகாரி மாதிரி, ஒரு நாள் அவள் மாமியார் மாதிரி, ஒரு நாள் மூக்கடைத்த டாக்டர் மாதிரிக் கேட்டாள். பக்கத்து ஜோடிகளும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தன. கடைசி நாளில் மடிப்பக்கா ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல் பத்தையும் சொன்னாள். "போய் நாற்காலில உக்காந்துடுங்கக்கா" என்றாள் ரேடியோ. "வேலை உங்களுக்குத்தான்."

இருபத்து நான்காம் தேதி ரேடியோவும் கூடவே வந்தாள். கீழே கேன்டீனில் உட்கார்ந்துகொண்டாள். தேர்வு நடந்தது முதல் மாடியில், பரிசோதனை அறை ஒன்றில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: மேட்ரன், நிர்வாக அதிகாரி, கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருந்த பணியாளர் பிரிவு அலுவலர். ஜன்னல் ஓரத்தில் ஒரு பரிசோதனைக் கட்டில், அதன் கால்மாட்டில் மடித்து வைத்த விரிப்பு.

"உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார் அலுவலர்.

அதே கேள்வி, அட்சரம் பிசகாமல். மடிப்பக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. சும்மா கிடந்த கையில் பதில் எதுவும் இல்லை. வியர்வை துடைக்கக் கைக்குட்டையை எடுத்தாள். எடுத்த கை தானாக அதை இரண்டாக மடித்தது.

"பத்தொன்பது வருஷமா இங்க சலவைப் பிரிவுல வேலை செய்றேன்" என்று வந்தது முதல் வரி. அப்பாடா என்றிருந்தது. நாலாக மடித்தாள். "அதுல பதினோரு வருஷம் ஒரே ஜோடியோட." எட்டாக மடித்தாள். "ஒரு நாளைக்கு எங்க ஜோடி அறுநூறு விரிப்பு மடிக்கும்."

கைக்குட்டை உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அவளும் நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?" என்றார் நிர்வாக அதிகாரி.

"அவ்ளோதான் சார்."

அடுத்த கேள்வி: இந்த வேலை உங்களுக்கு ஏன் வேண்டும்? மேசைக்கு அடியில் கைக்குட்டையைப் பிரித்தாள். மறுபடி மூன்று மடிப்பு, மூன்று வரி, நடுவில் அறுந்த ஒரு வாக்கியம்.

"பாதில நிறுத்திட்டீங்களேம்மா?"

மடிப்பக்காவுக்குப் பொய் எதுவும் தோன்றவில்லை. "கர்ச்சீப் முடிஞ்சுபோச்சு சார்" என்றாள்.

மேட்ரன் எட்டிப் பார்த்தார். "மடியில என்ன பண்றீங்க?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள்: கேள்விகள், ரேடியோ, ஆறு அசைவுகள், மூக்கடைத்த டாக்டர். சொல்லி முடிப்பதற்குள் நிர்வாக அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கர்ச்சீப்புக்கு மூணு வரி, பெட்ஷீட்டுக்கு அஞ்சு வரியா! அந்தா கட்டில்ல ஒண்ணு இருக்கு, எடுத்துக்கோங்க. முழுப் பதிலும் கேட்டுடுவோம்."

"ரெண்டு பேர் வேணும் சார்."

"அதுக்கென்ன? நீங்க போங்க தம்பி" என்றார் அவர், பணியாளர் பிரிவு அலுவலரைப் பார்த்து.

அலுவலர் தாளை வைத்துவிட்டு எழுந்து வந்தார். விரிப்பைக் கையில் வாங்கியதுமே மடிப்பக்காவுக்குத் தெரிந்துவிட்டது: ஓரம் உள்ளே போன இரண்டாம் மடிப்பு, விளிம்பில் கத்தி வைத்ததுபோன்ற கோடு. அவள் மடித்ததுதான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "கட்டை விரலை உள்ள விட்டுப் பிடிங்க சார். அப்படி இல்ல, மீன் பிடிக்கிற மாதிரி பிடிச்சா நழுவிடும். ஆங், இப்போ உதறுங்க."

உதறினார்கள். வழக்கப்படி தூக்கிப் பிடித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஓரத்துக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை, பளிச்சென்று.

அலுவலர் உற்சாகமாக, "உங்க பலவீனம் என்ன?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார். மடிப்பக்கா மடிக்கவில்லை. ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது வார்டுக்கு வந்திருக்கவே கூடாது" என்றாள். "படுத்தவங்க கால் விரல் இதுல மாட்டுச்சுன்னா, பொழுது விடியறதுக்குள்ள முழங்கை நீளத்துக்குக் கிழிஞ்சுடும்."

"யார் இப்படி மடிச்சு அனுப்பினது?" என்றார் நிர்வாக அதிகாரி.

"நான்தான் சார்."

அவளுக்குள் கணக்கு ஓடியது. இந்த ஓட்டையை விடுகிற கண் அல்ல அவளுடையது. ஆனால் பத்து நாட்களாக உதறுகிற நேரத்தில் அவள் விரிப்பைப் பார்க்கவே இல்லை. கேள்வி கேட்கிற ரேடியோவின் முகத்தைத்தான் பார்த்தாள். ரேடியோ அவள் வாயைப் பார்த்தாள். விளக்குக்கு நேராக விரிப்பு இருந்தது, கண் அங்கே இல்லை. அப்படியானால் இது ஒன்றுதானா? பத்து நாள் கட்டுகளிலும் இன்னும் எத்தனையோ?

விரிப்பின் முனையில் முடிச்சுப் போட்டுத் தோளில் போட்டுக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்க மேடம். நான் போகணும்."

"எங்க போறீங்க? இன்னும் ஏழு கேள்வி இருக்கு" என்றார் அலுவலர்.

"கீழ ஸ்டோருக்கு சார். பத்து நாளா நாங்க மடிச்சதை எல்லாம் திரும்பப் பார்க்கணும். பதினொன்றரைக்குப் பிரசவ வார்டு வண்டி போயிடும்."

அப்போது மணி பதினொன்று ஐந்து. மேட்ரன் கடிகாரத்தைப் பார்த்தார். "போங்க" என்றார்.

படியில் இறங்கும்போதுதான், கணவர் போட்ட அந்த இரண்டு கோடுகளை மாடியிலேயே விட்டுவிட்டு வருகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கால் ஒரு படியில் நின்றது. பிறகு இறங்கிவிட்டாள்.

கேன்டீனில் ரேடியோ பன்னை வாயில் வைத்தவள் அப்படியே எழுந்தாள். "அதுக்குள்ள முடிஞ்சுதா? கிடைச்சுதா?"

"எழுந்திரு. மானம் போச்சு. நடந்துக்கிட்டே சொல்றேன்."

வண்டியில் ஏற்றியிருந்த மூன்றாம் எண் கட்டுகள் பதினான்கு. அவற்றை இறக்கிவிட்டு மற்ற ஜோடிகளின் கட்டுகளை ஏற்றி அனுப்பினார்கள். வண்டி இரண்டு நிமிடம்தான் தாமதம். ஸ்டோரில் எஞ்சியிருந்ததையும் சேர்த்து இருபத்து நான்கு கட்டுகள், இருநூற்று நாற்பது விரிப்புகள். வார்டுகளுக்குப் போய்விட்டவை துவைக்கத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஷிப்ட் தொடங்க இன்னும் நேரமிருந்தது. யாரும் செய்யச் சொல்லவும் இல்லை. இருவரும் ஒவ்வொன்றாகப் பிரித்து, விளக்குக்கு நேராகப் பிடித்து, மறுபடி மடித்தார்கள். பதினோரு ஆண்டில் முதல் தடவையாக ரேடியோ முழுதாக ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தாள்.

பன்னிரண்டரைக்கு வாசலில் மேட்ரன் வந்து நின்றார். கையில் அலுவலரின் கேள்வித் தாள்.

"எத்தனை கிடைச்சுது?"

"இதுவரைக்கும் நாலு மேடம்."

"நீங்க மடிங்க, நான் கேக்கறேன். ஒரே ஒரு கேள்வி." தாளைப் பார்க்காமலே கேட்டார். "நீங்க சூப்பர்வைசரா இருக்கீங்க. உங்க கீழ வேலை செய்யற ஒருத்தங்க இந்த மாதிரி விட்டுட்டாங்க. என்ன செய்வீங்க?"

இது பத்தில் இல்லாத கேள்வி. மடிப்பக்காவின் கையில் விரிப்பு இருந்தது. ஆனாலும் அவள் மடிக்காமல் நின்று யோசித்தாள்.

"கூப்பிட்டுக் காட்டுவேன் மேடம். திட்ட மாட்டேன். திட்டினா அடுத்த தடவை கிழிசலை இன்னும் உள்ள வச்சு மடிப்பாங்க."

"அது சரி, காட்டின பிறகும் விட்டாங்கன்னா?"

"அப்போ ஜோடியை மாத்திடுவேன். ரெண்டு பேருக்கும் ரொம்பச் சிரிப்பா இருக்குன்னு அர்த்தம்."

"அய்யய்யோ அக்கா!" என்றாள் ரேடியோ. அடக்கி வைத்திருந்த ஒரு மணி நேரப் பேச்சும் அந்த ஒரு கூச்சலில் வெளியே வந்தது. "மேடம், இவங்களுக்கு வேலை கொடுக்காதீங்க மேடம்! முதல்ல என்னைத்தான் மாத்துவாங்க!"

மேட்ரன் சிரிப்பை மறைக்க முயன்று தோற்றுப்போய்த் திரும்பி நடந்தார். ஒன்று நாற்பத்தைந்துக்குக் கடைசி விரிப்பை மடித்து முடித்தார்கள். கிழிசல் மொத்தம் ஏழு. தோளில் போட்டுக்கொண்டு வந்ததையும் சேர்த்தால் எட்டு. எட்டையும் தையல் கூடையில் போட்டுவிட்டு இரண்டு மணிக்கு ஷிப்டில் நின்றாள். கிடைக்காது என்றுதான் நினைத்தாள். அன்றிரவு அலமாரிக் கதவில், "இன்டர்வியூ பாதியில் வந்துவிட்டேன். காரணம் காலையில் சொல்கிறேன்" என்று எழுதி ஒட்டினாள். காலையில் அதன் கீழே, "காரணம் நல்லதாத்தான் இருக்கும்" என்று இருந்தது. அதைக் கிழிக்க மனம் வரவில்லை.

அடுத்த மாதம் இரண்டாம் தேதி அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அதில் ஒரே ஒரு பெயர்தான். ரேடியோ அதை மூன்று தடவை சத்தமாகப் படித்தாள், மூன்று தடவையும் வெவ்வேறு குரலில். மடிப்பக்கா கணவருக்கு ஃபோன் போட்டாள். அவர் வண்டி கடைசி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. "சரி, வைக்கிறேன், டைம் ஆச்சு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் நாற்பது நிமிடம் கழித்து, ஒலி எழுப்பக் கூடாது என்று பலகை வைத்திருக்கும் ஆஸ்பத்திரி வாசலை வண்டி கடந்தபோது, வேகத்தைக் குறைத்து விளக்குகளை ஆறேழு தடவை போட்டுப் போட்டு அணைத்தார். பட்டப்பகலில் இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். வண்டி வரும் நேரம் தெரிந்து இரண்டாம் மாடிக்கு ஏறியிருந்த மூன்றாம் எண் ஜோடி ஜன்னலில் நின்று கையசைத்தது.

புது வேலையில் சேர்ந்த முதல் நாள், மாலை ஐந்தேகாலுக்கு அவள் வீட்டில் இருந்தாள். வேலை முடிந்து அந்த நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தது அவளுக்கு இதுவே முதல் தடவை. மேற்கு வெயில் சமையலறைத் தொட்டிவரை வந்தது. ஆறரைக்குச் சமையலை முடித்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்கப் பின்வாசல் வழியாகக் கொல்லைப்புறம் போனாள். அதற்குள் கணவர் வந்துவிட்டார். வந்தவர் பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்தில் நேராகப் போய்ப் பின்கதவைத் தாழ் போட்டுவிட்டுக் குளியலறையில் பாட ஆரம்பித்துவிட்டார்.

"ஏங்க! கதவைத் திறங்க!"

பாட்டு நின்றது. "யாரு?"

"நான்தான்!"

"நான்னா யாரு?"

"இருபத்திரண்டு வருஷமா உங்க பொண்டாட்டி!"

பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதில் மேல் தலையை நீட்டினார். "சார், அவங்க உண்மையைத்தான் சொல்றாங்க சார். திறந்து விடுங்க!"

கதவு திறந்தது. தலை நிறைய சோப்பு நுரையோடு, ஈரத் துண்டோடு அவர் நின்றார். "சாயங்காலத்துல நீ இங்க என்ன பண்றே?" என்று கேட்டுவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஏழரைக்கு மகளும் வந்ததும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பதினைந்து நிமிட இடைவேளையில் சாப்பிட்டே பழகிய மடிப்பக்கா, மற்ற இருவரும் இரண்டாம் வாய் எடுப்பதற்குள் பாதித் தட்டைக் காலி செய்திருந்தாள். "மெதுவா" என்றார் கணவர். "வண்டி ஒண்ணும் கிளம்பிடாது." அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். அவர் அன்றைக்கு ஏறிய பயணிகளைப் பற்றிச் சொன்னார். அவள் தையல் கூடையை வாசலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்ததைப் பற்றிச் சொன்னாள். மகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படிக்கப் போனாள். எட்டுப் பத்துக்குச் சாப்பிட்டு முடித்தார்கள். கை காயக் காய இருவரும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்கள்.